400 அடியில் இன்ஜின் நின்ற காலை

போன அக்டோபரில் ஒரு விடிகாலை, கையில் இருந்த சின்னக் குழாயை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எரிபொருள் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். சுத்தமாக இல்லை. அடுத்த நாற்பது நிமிடத்துக்குள், தரையிலிருந்து சுமார் 400 அடி உயரத்தில், நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இன்ஜின் நின்றுபோனது. எனக்குத் தோள்பட்டையில் பெல்ட் பதிந்த தடத்தைத் தவிர வேறு காயம் இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நான் காசிமேட்டுப் பெண். நைனா படகு இன்ஜின் மெக்கானிக். லாரிக்கென்று செய்த லேலண்ட் இன்ஜினை விசைப்படகுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பூட்டுவது, ஃபைபர் போட் இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவது, இதுதான் முப்பது வருடமாக அவர் பிழைப்பு. சின்ன வயதில் சோழவரத்து ஓடுதளத்தில் கார், பைக் பந்தயம் பார்த்த கதையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட தளம் அது என்று அவர் சேர்த்துச் சொன்ன ஒரு வரிதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. பந்தயம் என் மனதில் நிற்கவில்லை, விமானம் நின்றது.

இங்கே கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அன்று என் கணக்கில் இருந்தது 63. பயிற்சிப் பள்ளி வேறு மாநிலத்தில் இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. தவறு நடந்தது என் கையில்.

விமானம் செஸ்னா 152. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், 110 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின், கார்புரேட்டர் வைத்தது. இரண்டு இறக்கைக்குள்ளும் டாங்கு. இறக்கை மேலே இருப்பதால் பம்ப் எதுவும் இல்லாமல் எரிபொருள் தானாகக் கீழிறங்கி இன்ஜினுக்கு வரும். மூன்று நாள் மழையில் அது வெட்டவெளியில் நின்றிருந்தது. டாங்கு மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. பாதி டாங்கோடு விமானம் நின்றால், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரமும் தண்ணீராக மாறும். அது கொஞ்சம்தான், ஆனால் கணக்கில் வரும்.

ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் இரண்டு இறக்கையின் அடியிலிருந்தும், இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் வடிகட்டியிலிருந்தும் கொஞ்சம் எரிபொருள் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். குழாயில் பிடித்தால் கீழே தண்ணீர், மேலே நீல நிற ஏவ்கேஸ் (விமான பெட்ரோல்), நடுவில் ஒரு கோடு. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்தப் படம் இருக்கிறது. நானும் கோட்டைத் தேடினேன். இடது இறக்கையில் கோடு இல்லை. வடிகட்டியில் கோடு இல்லை. வலது இறக்கையிலும் கோடு இல்லை. வலது பக்கத்துக் குழாய் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. டார்ச்சின் மஞ்சள் வெளிச்சம் என்று நினைத்துக் கீழே ஊற்றிவிட்டேன். சூரியன் வந்ததும் முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் வேறு.

அந்தக் குழாய் முழுக்கத் தண்ணீர்.

இன்ஜின் ஏன் தரையிலேயே நிற்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்ஜினுக்குப் போகும் குழாய்களிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் நல்ல எரிபொருள் மிச்சம் இருந்தது. தரையில் விமானம் மட்டமாக நிற்கும்போது தண்ணீர் டாங்கின் அடி மூலையில், இன்ஜினுக்குப் போகும் வாய்க்குக் கீழே, கிடந்தது. ஓட்டிப் பார்த்தபோதும், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைச் சோதித்தபோதும் எல்லாம் சரியாக இருந்தது. மேலே கிளம்பி மூக்கு தூக்கியதும் தண்ணீர் பின்னால் சரிந்து அந்த வாயை மூடியிருக்கிறது. எங்கள் பள்ளி இன்ஜினியர் இப்படித்தான் விளக்கினார்.

67 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 124 கிலோமீட்டரில், ஏறிக்கொண்டிருந்தேன். சத்தம் சட்டென்று நிற்கவில்லை. முதலில் ஒரு இருமல். பிறகு இரண்டு. என் முதுகை இருக்கையோடு அழுத்திக்கொண்டிருந்த கையை யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆர்.பி.எம். முள் 2,400-லிருந்து இறங்கியது. புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் காற்றுதான் அதைச் சுற்றியது.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று, நான்கு வினாடி நான் எதுவும் செய்யவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப வந்துவிடும், இதோ பிடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். அதற்குள் வேகம் 67-லிருந்து 54-க்கு வந்துவிட்டது. மேலே ஏறும்போது மூக்கு தூக்கித்தான் இருக்கும். இன்ஜின் இழுப்பு போனதும் வேகம் கரையும் வேகம், பயிற்சியில் த்ரோட்டிலைக் குறைத்துக் காட்டியபோது உணர்ந்ததைவிட அதிகம். இன்னும் சில வினாடி அப்படியே இருந்திருந்தால் இறக்கை தூக்குவதை நிறுத்தியிருக்கும், அதுதான் ஸ்டால். 400 அடியில் ஸ்டால் ஆகி ஒரு பக்கம் சரிந்தால் மீட்க உயரம் கிடையாது.

முன்னால் தள்ளினேன். தள்ளு என்று எழுதுவது சுலபம். கண்ணாடி முழுக்க மண் வந்து நிறைகிறது. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு நரம்பும் இழு, இழு என்கிறது. கையை மட்டும் முன்னால் வைத்திருக்க வேண்டும். இன்ஜின் இல்லாத விமானத்துக்கு மிச்சம் இருக்கிற ஒரே சொத்து வேகம், அதை உயரத்தைக் கொடுத்துத்தான் வாங்க முடியும். 152-க்குக் கிளம்பிய உடனே இன்ஜின் நின்றால் 60 நாட். 60-ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அந்த ஆசை வந்தது. பின்னால் ஒரு முழு ஓடுபாதை இருக்கிறது. வழவழவென்று, நீளமாக, தீயணைப்பு வண்டியோடு. முன்னால் இருப்பதோ ஒரு தைலமரத் தோப்பு, ஒரு சாலை, சில வயல்கள். கழுத்து தானாக இடது தோள் பக்கம் திரும்பியது. திரும்பியதை நான் உணர்ந்தேன். என் இன்ஸ்ட்ரக்டர் சாரின் குரல் காதில் விழுந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன், எந்தக் குரலும் விழவில்லை. விழுந்தது என் குரல்தான். கிளம்புவதற்கு முன் ஓடுபாதை முனையில் நின்று, தினமும் போல அன்றும் நானே வாய்விட்டுச் சொல்லியிருந்தேன்: "எண்ணூறு அடிக்குக் கீழே நின்னா நேரா. திரும்பமாட்டேன்." ஓரிரு நிமிடம் முன்னால் சொன்ன வார்த்தை, அப்போது முடிவெடுக்க முடியாத எனக்காக முடிவெடுத்து வைத்திருந்தது.

ஏன் திரும்பக் கூடாது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். காசிமேட்டில் என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் "அப்படியே ஒரு யூ டர்ன் போட்டு வந்திருக்கலாமே" என்றுதான் கேட்டார்கள். 60 நாட் வேகத்தில், 30 பாகை சாய்வில், 180 பாகை திரும்ப 17 வினாடி ஆகும். திரும்பி முடித்தாலும் ஓடுபாதைக்கு மேல் இருக்கமாட்டோம். திரும்பிய வட்டத்தின் அகலம் முந்நூறு மீட்டருக்கு மேல், அவ்வளவு தள்ளி இணையாக இருப்போம். அதனால் ஓடுபாதையை நோக்கி இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். வேகமாகத் திரும்பலாமே என்றால், சாய்வு கூடக் கூட ஸ்டால் ஆகும் வேகமும் கூடும். 45 பாகையில் கிட்டத்தட்ட 19 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். இன்ஜின் நின்ற செஸ்னா 152 நேராகச் சறுக்கினால் 400 அடிக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். சாய்த்தால் அதுவும் குறையும்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில்தான் கிளம்புகிறோம். 10 நாட் காற்று வீசினால், நேராகவே இறங்கும்போது அது நமக்குத் துணை: 45 நாட்டில் தரை தொட்டால் தரைவேகம் 35. திரும்பி வந்தால் அதே காற்று முதுகில் தள்ளும்: தரைவேகம் 55. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆக ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கட்டுப்பாட்டோடு மெதுவாக வயலில் உரசி நிற்பவர்கள் பிழைக்கிறார்கள். விமானத்தைக் காப்பாற்றப் போய்த் திரும்பும்போது சுழன்று விழுபவர்கள் பிழைப்பது அரிது.

தோப்பு நேர் முன்னால் இருந்தது. வலது பக்கம் இருபது பாகை தள்ளி, கடலை பிடுங்கி முடித்த வயல். மெல்ல அந்தப் பக்கம் சாய்த்தேன். கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தேன், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸ்சர் குமிழ் முழுக்க உள்ளே இருக்கிறதா பார்த்தேன், மேக்னெட்டோ சாவியைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதற்கு மேல் இன்ஜினோடு மன்றாட நேரம் இல்லை. ரேடியோவில் "மேடே" என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொன்னேன், விமானத்தின் அடையாளப் பெயரான கால் சைன் பாதியிலேயே நின்றது. விமானத்தைப் பறக்க வைப்பது முதல், பேச்சு கடைசி. கன்ட்ரோல் டவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

சாலை ஓரத்தில் மின்கம்பி போகும் என்று தெரியும், கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பத்தைப் பார்த்துவிட்டால் கம்பி எங்கே ஓடுகிறது என்று வரைந்துகொள்ளலாம். கம்பிக்கு மேலே போய்விடுவேன் என்று உறுதியான பிறகு ஃபிளாப்பை, அதாவது மெதுவாக இறங்க உதவும் இறக்கையின் பின்விளிம்புப் பலகையை, முழுக்க இறக்கினேன். மிக்ஸ்சரை வெளியே இழுத்து, எரிபொருள் வால்வை மூடி, மேக்னெட்டோவை அணைத்து, கடைசியில்தான் மாஸ்டர் சுவிட்ச். இந்த விமானத்தில் ஃபிளாப் கரண்ட்டில் ஓடுகிறது. மாஸ்டரை முதலில் அணைத்தால் ஃபிளாப் இறங்காது. கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது தரைக்கு அம்பது அடி இருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மோதலில் சட்டம் வளைந்தால் கதவு இறுகிக்கொள்ளும். இடது முழங்கையால் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டேன்.

வரப்புக்கும் சாலுக்கும் குறுக்கே இல்லாமல், சால் ஓடிய திசையிலேயே இறக்கினேன். ஸ்டால் எச்சரிக்கை ஊதல் அழ ஆரம்பித்ததும் பின் சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டன. மழை ஈரத்தில் வயல் களியாக இருந்தது. மூக்குச் சக்கரம் இறங்கியதும் புதைந்து, கால் மடங்கி, புரொப்பெல்லர் மண்ணை வெட்டியது. தோளில் பெல்ட் அறைந்தது. அந்தத் தோள் பெல்ட்டை வெயில் நேரத்தில் தளர்த்திவிட்டு ஓட்டும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அன்று தளர்ந்திருந்தால் என் முகம் டேஷ்போர்டில் இருந்திருக்கும்.

இறங்கி, காற்று வரும் பக்கமாக ஓடினேன். ஏவ்கேஸ் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்து, எனக்குப் புரியாத மொழியில் என்னவோ சொல்லி, முந்தானையால் என் முகத்து மண்ணைத் துடைத்தார். அப்போதுதான் கால் நடுங்க ஆரம்பித்தது.

விசாரணை, எழுத்து வாக்குமூலம், மெடிக்கல் எல்லாம் முடித்துப் பத்து நாள் வீட்டுக்கு வந்தேன். எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாமல், குழாய் வெளுத்த மாதிரி இருந்ததையும் எழுதிக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மூடி வாஷர் மட்டும்தான் காரணமாகப் பதிவாகியிருக்கும், அடுத்த மாணவர் அதே டார்ச்சோடு அதே குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் இரவு தூக்கம் வரவில்லை. துறைமுகத்தில் ஏதாவது ஒரு போட் இன்ஜின் திக்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மூன்றாவது நாள் இரவு நைனா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு சின்ன பாட்டிலை மேசையில் வைத்தார்.

"பாப்பா, இத்துல எது மண்ணெண்ணெ, எது தண்ணி, சொல்லு. மோந்து பாக்காத. தொடாத."

ரேஷன் மண்ணெண்ணெய் நீலம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. இடது என்றேன். தப்பு.

"நீ கோட்ட தேடிக்கினு இருந்த. முழுக்க தண்ணியே கீதுன்னா கோடு எங்கேந்து வரும்? கோடு வர்றதுக்கு ரெண்டு சரக்கு ஓணும்ல?"

அவர் திட்டவில்லை. அடுத்து அவர் செய்து காட்டியதை நான் இன்று வரை செய்கிறேன். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த எண்ணெயை ஒரு பாட்டிலில் கொஞ்சம் வைத்திருப்பார். சந்தேகப்பட்டதை அதில் இரண்டு சொட்டு விடுவார். தண்ணீர் என்றால் முத்து மாதிரி உருண்டு அடிக்குப் போய்விடும், எண்ணெய் என்றால் கலந்து காணாமல் போகும். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு. ஏவ்கேஸ் என்றால் ஜில்லென்று ஆவியாகி வாசனை விட்டுப் போகும், தண்ணீர் அங்கேயே நிற்கும். நிறத்தைப் பார்க்க வெள்ளைப் பின்னணி வேண்டும். இறக்கையின் அடிப்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதன்மேல் வைத்து வெள்ளை வெளிச்சத்தில் பார்க்கலாம். மழை பெய்திருந்தால் ஒரு குழாயோடு நிறுத்தாமல், இறக்கையைப் பிடித்து ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடிக்க வேண்டும். மூடியைக் கையால் தடவி ரப்பரைப் பார்க்க வேண்டும்.

"நடுக்கடல்ல நின்னா நங்கூரம் போட்டுட்டு வயர்லெஸ்ல கூப்டுவோம். உனக்கு நங்கூரம் கெடையாதே கண்ணு" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அம்மாவிடம் முழுவதையும் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. அவர் எதுவும் கேட்காமல் வஞ்சிரத்தில் நடுத்துண்டு எல்லாவற்றையும் என் தட்டில் போட்டார்.

திரும்பப் போன பிறகு முதல் சார்ட்டி (பயிற்சிப் பறப்பு) இன்ஸ்ட்ரக்டரோடு. 3,000 அடிக்குப் போய், ஏறும் நிலையிலேயே த்ரோட்டிலை மூடச் சொன்னார். நான்கு வினாடி சும்மா இருக்கச் சொன்னார், அன்று நான் இருந்த மாதிரியே. பிறகு ஓடுபாதைக்குத் திரும்புவதாக நினைத்துத் திரும்பச் சொன்னார். 450 அடிக்கு மேல் உயரம் போய்விட்டது, இன்னும் நேராகக்கூட ஆகவில்லை. பைலட் ஆகப் படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் விமானத்தில், இன்ஸ்ட்ரக்டரோடு, பத்திரமான உயரத்தில் இதைச் செய்து அந்த எண்ணைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தில் படித்த எண் அந்த நேரத்தில் கழுத்தைப் பிடித்து நிறுத்தாது. எங்கள் பள்ளியில் சொன்ன 800 அடி என்ற வரம்பு எல்லா விமானத்துக்கும் எல்லா ஓடுபாதைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று, எடை, வெயில், பழக்கம் எல்லாம் அதை மாற்றும்.

வாய்விட்டுச் சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். இப்போது நான் சொல்வது கொஞ்சம் நீளம்: "ஓட்டத்துலயே நின்னா த்ரோட்டில் மூடி பிரேக். கிளம்பி, முன்னாடி பாதை மிச்சம் இருந்தா அதுலயே இறங்குவேன். எண்ணூறுக்குக் கீழே நின்னா மூக்கு கீழே, 60, முப்பது பாகைக்குள்ள வயல். இன்னைக்கு வயல் வலது பக்கம்." கடைசி வரி தினமும் மாறும். காற்றைப் பார்த்து, போன வாரம் அறுத்தது எது, உழுதது எது, தண்ணீர் கட்டியது எது என்று தரையிலிருந்தே பார்த்து வைத்துக்கொள்கிறேன். இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஓடுபாதையின் இரண்டு முனையையும் தாண்டிச் சுற்றினேன். மேலிருந்து பச்சைப் பாயாகத் தெரிந்த ஒரு வயல் நடுவில் ஆள் உயரக் கிணறு இருந்தது.

இப்போது என் கணக்கு 141 மணி. விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15-லிருந்து படகெல்லாம் கரையில், நைனாவுக்கு இதுதான் வேலை குவியும் நேரம். ஜூன் 14 நள்ளிரவுக்குள் இன்னும் ஏழு இன்ஜின் பூட்ட வேண்டும். ஒவ்வொன்றின் டீசல் ஃபில்டர் கிண்ணத்தையும் கழற்றி, வெள்ளை ஓடு ஒன்றின் மேல் ஊற்றிப் பார்த்து, கையை முகர்ந்து, சரி என்று அவரிடம் சொல்வது என் பொறுப்பு. எனக்கு ரயில் 16-ஆம் தேதி.